அப்பாவுக்கு ஆரம்பக் கட்ட சிஓபிடி: முற்றாமல் தடுக்க மருந்து உண்டா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு வயது 57. ஊர் ஆலங்குளம் பக்கம். இருபது வயதிலிருந்து பீடி குடிக்கிறார். இரண்டு மாதமாக விடாத இருமல் என்று ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்ததில் 'மைல்டு சிஓபிடி', அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துப்போகும் நோயின் ஆரம்பக் கட்டம், என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நொடியில் ஊதிய காற்று 2.2 லிட்டர், அவர் உயரத்துக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதில் 82 சதவீதம், அந்த முதல் நொடிக் காற்றுக்கும் ஊதிய மொத்தக் காற்றுக்கும் உள்ள விகிதம் 0.66. ஒரு நாளைக்கு ஒரு கட்டு என்று இருந்த பீடியை ஐந்தாகக் குறைத்துவிட்டார். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார், கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் சோறு வடிக்கவும் புறவாசல் விறகடுப்புதான். நோய் முற்றாமல் நிறுத்த மருந்து உண்டா, மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்பு (இன்ஹேலர்) தொடங்கினால் ஆயுள் முழுக்க விட முடியாதா, நுரையீரலைச் சுத்தம் செய்யும் கஷாயம் என்று வீடியோவில் வருவதைக் கொடுக்கலாமா என்று மூன்று கேள்விகள் வைத்திருக்கிறீர்கள். ஆனால் தாத்தா கடைசி மூன்று வருடம் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கினார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அப்பாவும் அப்படி ஆகிவிடுவாரா?

ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் 24 வருடமாக நெஞ்சக நோயாளிகளைப் பார்க்கிறேன். 82 சதவீதத்தில் வந்து, பீடியை அடியோடு விட்டு, பதினைந்து வருடம் கழித்தும் வயலுக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதே 82 சதவீதத்தில் வந்து, நான் கொடுத்த பம்பை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, பீடியையும் விடாமல், பத்து வருடத்தில் ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நான் எழுதிய மருந்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

முதலில் இந்த டெஸ்ட் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். மூச்சை நிறைய இழுத்து, ஒரே வேகத்தில் ஊதித் தள்ளும்போது மொத்தமாக எவ்வளவு காற்று வருகிறது, அதில் முதல் ஒரு நொடியில் எவ்வளவு வருகிறது என்று அளக்கிறோம். நல்ல மூச்சுக்குழாய் என்றால் மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கு மேல் முதல் நொடியிலேயே வந்துவிடும். குழாய் சுருங்கி, சுவர் தடித்து, சளி அடைத்திருந்தால் வராது. அப்பாவுக்கு 66 சதவீதம்தான் வந்திருக்கிறது, அதனால் அடைப்பு. முதல் நொடிக் காற்று, அவருக்கு இருக்க வேண்டிய அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் 'மைல்டு'. ஆனால் இதில் இரண்டு விஷயம் சரிபார்க்க வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் பம்பை அடித்து, கால் மணி நேரம் கழித்து ஊத வைத்த அளவா இது? ரிப்போர்ட்டில் 'போஸ்ட்' என்ற பத்தியில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. இரண்டாவது, விகிதம் 0.6க்கும் 0.8க்கும் நடுவில் இருந்தால் இன்னொரு நாள் திரும்ப ஊதிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். வயது ஏற ஏற இந்த விகிதம் இயற்கையாகவே குறையும். அதனால் நோயே இல்லாத வயதானவர்களுக்கும் சில சமயம் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. 57 வயதில், 37 வருடப் பீடிக்குப் பிறகு 0.66 என்றால் நோய் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் ஒரு முறை ஊதியதை வைத்து வாழ்நாளுக்கும் ஒரு பெயரைச் சுமக்க வேண்டாம்.

அப்பாவுக்கு முன்பு டிபி வந்து மருந்து சாப்பிட்டிருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இது முக்கியம். நம் பக்கத்தில் டிபி ஆறிய தழும்பால் வரும் மூச்சுத் திணறலையும் சிஓபிடி என்றே எழுதிவிடுவது உண்டு. ஒரு எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள், அதை மறக்காமல் கேட்டு வாங்கி வையுங்கள்.

சரி, நோய் உறுதி என்றே வைத்துக்கொள்வோம். நுரையீரல் எல்லோருக்கும் தேய்கிறது. முப்பது வயதுக்கு மேல் புகையே அறியாதவருக்கும் முதல் நொடிக் காற்று வருடத்துக்குச் சுமார் 25, 30 மில்லி குறைந்துகொண்டே போகும். சிஓபிடி என்பது பலருக்கு இந்தத் தேய்மானம் வேகம் பிடிப்பதுதான். போனது திரும்பாது, உடைந்த காற்றுப் பைகள் மறுபடி முளைக்காது. வேகத்தைத்தான் குறைக்க முடியும், அதைச் செய்ய முடியும் என்பதற்குக் கெட்டியான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, 'லங் ஹெல்த் ஸ்டடி' என்று பெயர். உங்கள் அப்பாவைப் போலவே ஆரம்பக் கட்ட அடைப்போடு புகைத்துக்கொண்டிருந்த 5,887 பேரை எடுத்து, பிறகு 11 வருடம் வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். புகையை விடாத ஆண்களுக்கு வருடத்துக்கு 66 மில்லி போனது. அடியோடு விட்டுவிட்ட ஆண்களுக்கு 30 மில்லி. அதாவது புகையை விட்டவர்களின் தேய்மானம் கிட்டத்தட்டச் சாதாரண மனிதரின் தேய்மானத்துக்கு வந்துவிட்டது. பெண்களிலும் இதே கதைதான், 54க்கு 22.

இதை அப்பாவின் கணக்கில் போட்டுப் பாருங்கள். இன்று 2.2 லிட்டர். விட்டுவிட்டால் 72 வயதில் சுமார் 1.75 லிட்டர் இருக்கும். மாடிப்படி ஏறினால் கொஞ்சம் நின்று போவார், அவ்வளவுதான். விடாமல் குடித்தால் சுமார் 1.2. அங்கிருந்து ஒரு லிட்டருக்குக் கீழே இறங்குவதற்கு அதிக நாள் ஆகாது. வேட்டி கட்டவும் குளிக்கவும் மூச்சு வாங்குவது அந்தக் கட்டத்தில்தான். தாத்தா உட்கார்ந்தபடி தூங்கியதும் அநேகமாக அங்கேதான் இருக்கும். இவை சராசரிகள். தனி ஒருவர் இந்தக் கோட்டின் மேலும் இருப்பார், கீழும் இருப்பார். புகையை விட்ட பிறகும் வேகமாகத் தேய்கிற சிலரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் சந்தேகம் இல்லை.

ஐந்தாகக் குறைத்துவிட்டார் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். அது சின்னக் காரியம் இல்லை, அவரிடம் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். ஆனால் அங்கே நின்றுவிடக் கூடாது. அதே ஆய்வில், நிறுத்தாமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்தவர்களுக்கு, ஏறக்குறைய இல்லை என்கிற அளவுக்குக் குறைத்தால் ஒழிய, பெரிய பலன் தெரியவில்லை. காரணம் புரியாதது அல்ல. உடம்புக்கு வேண்டிய நிக்கோட்டினை ஐந்து பீடியிலேயே இழுத்துவிடுவார், இன்னும் ஆழமாக, இன்னும் நேரம் பிடித்து. பீடிக்கு ஃபில்டர் இல்லை. இலை சுற்றியது என்பதால் அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும், ஆகவே சிகரெட்டை விட அதிகத் தடவை இழுக்க வேண்டியிருக்கிறது. 'பீடி இலைதானே, சிகரெட் போல பேப்பர் இல்லையே' என்று முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தாரும் கார்பன் மோனாக்சைடும் பீடியில் குறைவு இல்லை.

விடுவது எப்படி என்பதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாமே இருக்கிறது. 'விட்டுருங்க அண்ணாச்சி' என்று சொல்லி அனுப்பினால் நூற்றில் ஒருசிலரே விடுவார்கள். என் முதல் பத்து வருடம் நான் அப்படித்தான் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன், அதற்காக இன்றும் வருத்தம் உண்டு. நிக்கோட்டின் ஓர் அடிமைத்தனம், அதற்கு மருந்து இருக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் வரும். காரம் ஏறும் வரை நாலைந்து முறை மென்று, கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வேலை செய்யாது. வரெனிக்லின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் உண்டு. அவற்றை மருத்துவர்தான் எழுத வேண்டும், மன அழுத்தம், வலிப்பு போன்றவை இருந்திருந்தால் அவரிடம் சொல்ல வேண்டும். 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை ஒழிப்பு உதவி எண் பீடிக் கட்டின் எச்சரிக்கைப் படத்திலேயே அச்சிட்டிருக்கும், கட்டணம் கிடையாது.

மருந்தை விடப் பெரிய தடைகள் மூன்றை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது, காலையில் வெளிக்குப் போக பீடி வேண்டும் என்பது. இது சாக்குப்போக்கு இல்லை. நிக்கோட்டின் குடலைத் தூண்டும், விட்டால் சில வாரம் மலச்சிக்கல் வரும். அதை முன்கூட்டியே சொல்லி, வெந்நீரும் பழமும் கீரையும், தேவைப்பட்டால் இரவில் இசப்கோலும் கொடுத்துவிட்டால் பாதிப் போராட்டம் முடிந்தது. இரண்டாவது, டீக்கடை. டீயும் பீடியும் ஒன்றோடு ஒன்று பின்னிப்போனவை. முதல் ஒரு மாதம் வீட்டிலேயே டீ குடிக்கட்டும். மூன்றாவது தடைதான் மோசமானது. பீடியை விட்ட இரண்டு மூன்று வாரத்தில் சளி கூடும். மூச்சுக்குழாய்க்குள் சளியை மேலே தள்ளும் நுண்ணிய ரோமங்கள் புகையில் செயலற்றுக் கிடந்தவை, மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன. 'குடிக்கும்போது இல்லாத சளி விட்டதும் வந்துட்டு, பீடிதான் சளியை அறுத்துக்கிட்டு இருந்திருக்கு' என்று சொல்லி மறுபடி பற்றவைத்தவர்கள் என் கணக்கில் நிறையப் பேர். அப்பாவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். சளி கூடினால் நுரையீரல் தன்னைத் துடைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். சில வாரத்தில் குறையும். முதல் மூன்று நாள்தான் கடும் எரிச்சலும் தவிப்பும் இருக்கும், நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு முறை தவறிக் குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று கைவிட வேண்டாம். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலானோர் முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் இல்லை. பீடிக்குப் பதில் வெற்றிலையோடு புகையிலை போடுவதற்கு மட்டும் மாறவிடாதீர்கள். அது வாயைப் பிடிக்கும்.

அடுத்து மருந்து. தேய்மானத்தை நிறுத்தும் மாத்திரையோ பம்போ ஒன்று உண்டு என்று உறுதியாகச் சொல்ல இன்று ஆதாரம் இல்லை. லங் ஹெல்த் ஸ்டடியிலேயே ஒரு பகுதியினருக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் பம்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்ட காலத்தில் காற்று கொஞ்சம் கூடியது, நிறுத்தியதும் அந்தப் பலன் போய்விட்டது, தேய்மான வேகம் மாறவில்லை. 2008இல் வந்த அப்லிஃப்ட் ஆய்வில் டையோட்ரோபியம் என்ற பம்பை நான்கு வருடம் சுமார் ஆறாயிரம் பேரிடம் சோதித்தார்கள். திணறல் வந்து படுப்பது குறைந்தது, வாழ்க்கை கொஞ்சம் இலகுவானது, ஆனால் தேய்மானக் கோட்டின் சரிவு மாறவில்லை. 2017இல் சீனாவில், ஆரம்ப, நடுத்தரக் கட்ட நோயாளிகள் 841 பேரிடம் அதே மருந்தை இரண்டு வருடம் கொடுத்த ஆய்வில் வேறு மாதிரி முடிவு வந்தது. பம்பு அடித்த பிறகு ஊதிய அளவில் வருடத் தேய்மானம் 51க்குப் பதில் 29 மில்லி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பம்பு அடிப்பதற்கு முன் ஊதிய அளவில் அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. ஆகவே இதைச் சந்தேகத்துக்கு உரியவற்றின் வரிசையில்தான் வைக்கிறேன். தொந்தரவு இருக்கிறவருக்குத் தயங்காமல் எழுதுவேன். தொந்தரவே இல்லாதவருக்கு எதிர்காலத்தைக் காப்பாற்றும் என்று வாக்குக் கொடுத்து எழுத மாட்டேன்.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: பம்பு பழகிப்போகும் பொருள் இல்லை. அதில் போதை கிடையாது. நாளை தேவையில்லை என்றால் நாளையே நிறுத்தலாம், நிறுத்தினால் மருந்தால் விரிந்த குழாய் பழைய நிலைக்குப் போகும், அவ்வளவுதான். பலர் ஆயுள் முழுக்க எடுப்பது நோய் ஆயுள் முழுக்க இருப்பதால். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை. அப்பாவுக்கு வேகமாக நடக்கும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் தேவைப்படும்போது அடிக்கும் பம்பே போதுமானதாக இருக்கலாம். சிலருக்குக் கை நடுங்கும், படபடக்கும், அது கொஞ்ச நேரத்தில் போய்விடும். அப்புறம், எடுக்கும் முறை. மாத்திரைக் குப்பியைக் கருவியில் போட்டு உறிஞ்சச் சொன்னால், தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தவர்களை நான் ஒன்றிரண்டு பேர் அல்ல, பலரைப் பார்த்திருக்கிறேன். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட வேண்டும், உதட்டை இறுக்கி மூடி இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். ஸ்ப்ரே பம்பு என்றால் ஸ்பேசர் என்ற குடுவையோடு எடுப்பது நல்லது. மருத்துவர் முன்னால் ஒரு தடவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு கலந்த பம்பு ஆரம்பக் கட்டத்தில் எல்லோருக்கும் தேவையில்லை. ஆஸ்துமாவும் கலந்திருந்தால், அல்லது அடிக்கடி திணறல் வந்து ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு அதிகமாக இருந்தால் உதவும். மற்றவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டும். இதைவிட எனக்குக் கவலை தருவது, மூச்சு வாங்கும்போதெல்லாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சின்ன வெள்ளை மாத்திரை. போட்டதும் மந்திரம் போல இருக்கும், பசிக்கும், முகம் பொலிவாகத் தெரியும். அது ஸ்டீராய்டு. கடும் திணறலில் ஐந்து நாள் கொடுப்பது வைத்தியம்தான். மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும், தசை கரையும். கரைகிற தசையில் மூச்சு விட உதவும் தசையும் ஒன்று.

கஷாயத்தைப் பற்றி. நுரையீரலைக் கழுவிச் சுத்தம் செய்யும் பானம் எதுவும் கிடையாது. குடிப்பது வயிற்றுக்குப் போகிறது. அதற்காக நம் மூலிகைகளை ஒதுக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்தே வந்தது. இருமலுக்கும் கோழைக்கும் தூதுவளை ரசமும் ஆடாதோடைக் குடிநீரும் இதமாக இருப்பதை நோயாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த வைத்தியம் பார்ப்பதாக இருந்தால் அங்கே படித்த மருத்துவரிடம் காட்டுங்கள், வீடியோவைப் பார்த்து வேண்டாம். என்ன சாப்பிடுகிறார் என்று இரண்டு பக்கத்து மருத்துவர்களுக்கும் தெரிய வேண்டும். தேய்மானத்தை அவை நிறுத்தும் என்று மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். கஷாயம் குடிக்கிறோமே என்ற தைரியத்தில் பீடி தொடர்வதுதான் நான் கண்ட பெரிய நஷ்டம்.

பீடிக்கு அடுத்தபடி நான் முக்கியம் என்று நினைப்பது, திணறல் முற்றி வரும் அந்த நாட்களை. சளி நிறம் மாறி, அளவு கூடி, மூச்சு வாங்கல் வழக்கத்தை விட மோசமாவதை நாங்கள் எக்சாசர்பேஷன் என்போம், வீட்டில் 'இழுப்பு வந்துட்டு' என்பார்கள். அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்த ஒரு தொடர் ஆய்வில், இப்படி ஒவ்வொரு தடவையும் வருவது தேய்மானத்தைக் கூட்டுகிறது என்றும், அந்தச் சேதம் ஆரம்பக் கட்ட நோயாளிகளுக்குத்தான் அதிகம் என்றும் தெரிந்தது. கடுமையாக வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு வருடத்துக்கு 87 மில்லி வரை கூடுதல் இழப்பு. இழப்பதற்கு நிறைய வைத்திருப்பவரிடம்தான் அதிகம் போகிறது போலும். இழுப்புதான் தேய்மானத்துக்குக் காரணமா, அல்லது வேகமாகத் தேய்கிறவருக்கு இழுப்பு அதிகம் வருகிறதா என்பது இன்னும் முழுக்கத் தீராத வாதம். ஆனால் நாம் செய்ய வேண்டியது இரண்டிலும் ஒன்றுதான். சளி பச்சையாகி மூச்சு கூடினால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று நான்கு நாள் தள்ளாதீர்கள். வருடம் ஒரு முறை ஃப்ளூ ஊசி, மருத்துவர் சொல்லும் கால அளவில் நிமோனியா ஊசி. நுரையீரல் அளவைக் காப்பாற்றும் என்று இவற்றுக்கு நேரடி நிரூபணம் இல்லை. ஆனால் ஃப்ளூ ஊசி இழுப்பைக் குறைக்கும் என்பதற்கு இருக்கிறது. நம் பக்கத்தில் ஆனி ஆடிச் சாரல் காற்றிலும், ஐப்பசிக்குப் பிறகு மார்கழி வரையிலும் என் அறையில் கூட்டம் கூடும். அதற்கு முன்பே போட்டுக்கொள்வது உத்தமம்.

புகை என்றால் பீடி மட்டும் இல்லை. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவு என்று ஓர் ஆய்வு கணக்குப் போட்டிருக்கிறது. வலை கட்டுங்கள். செங்கல் சூளை, கல்குவாரி, அரிசி ஆலை, பஞ்சாலை, பதநீர் காய்ச்சும் விடிலி என்று நம் சீமையில் தூசியும் புகையும் பிழைப்போடு சேர்ந்தே வருகின்றன. வேலையை விடுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், குடும்பத்துக்குச் சுலபம் இல்லை. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. தூசி வேலை என்றால், துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. என்95 வகை முகக்கவசமும், தண்ணீர் தெளித்து வேலை செய்வதும், முடிந்தால் வேறு பகுதிக்கு மாறுவதும் உதவும்.

நடை. இது தேய்மான எண்ணை மாற்றாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே எண்ணில் இருக்கும் இரண்டு பேரில் தினமும் நடப்பவர் நன்றாக வாழ்கிறார் என்பது ஆய்விலும் இருக்கிறது, என் கண்ணிலும் இருக்கிறது. மூச்சு வாங்கும் என்று பயந்து உட்கார்ந்தால் கால் தசை சோரும், சோர்ந்த தசைக்கு அதிகக் காற்று வேண்டும், இன்னும் மூச்சு வாங்கும். காலையில் வாய்க்கால் கரையிலோ ஊர் ரோட்டிலோ அரை மணி நேரம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்கட்டும். மூச்சு முட்டினால் நின்று, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து சூடான டீயை ஊதுவது போல மெதுவாக விடட்டும். உடம்பு இளைக்க விடாதீர்கள். முட்டை, மீன், பயறு தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

வருடம் ஒரு முறை ஊதிப் பாருங்கள், அதற்கு மேல் அவசியம் இல்லை. ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டு தடவை ஊதினாலே நூறு, நூற்றைம்பது மில்லி மாறும். அடுத்த வருடம் 2.1 வந்தால் நோய் முற்றிவிட்டது என்று அழ வேண்டாம், 2.3 வந்தால் குணமாகிவிட்டது என்று கொண்டாடவும் வேண்டாம். மூன்று நான்கு வருட எண்களை வரிசையாகப் பார்த்தால்தான் சரிவு தெரியும். இன்னொன்று, இந்தக் கட்டத்தில் இருப்பவர்களின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது மூச்சடைப்பு அல்ல, மாரடைப்பும் நுரையீரல் புற்றும்தான். எனவே பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்த்துவிடுங்கள். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மாலைக் காய்ச்சல், நெஞ்சு வலி, குரல் கம்மிப் போவது, இவற்றில் எது இருந்தாலும் 'அதே சிஓபிடிதான்' என்று விடாதீர்கள். இரண்டு மாத இருமல் என்பதால் சளியில் டிபி சோதனையும் செய்தாயிற்றா என்று கேளுங்கள். ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் இவை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நான் அப்பாவை நேரில் பார்க்கவில்லை, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கவில்லை. நான் எழுதியதற்கும் அவரைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மா பகல் முழுக்கச் சுளகை மடியில் வைத்துப் புகையிலைத் தூளோடு உட்கார்ந்திருக்கிறார், காலையும் மாலையும் விறகடுப்பில் ஊதுகிறார், ராத்திரி அப்பாவின் புகையையும் சுவாசிக்கிறார். பீடியே தொடாத பெண்களுக்கு இந்த நோய் வருவதை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். பெரும்பாலும் நடுத்தரக் கட்டம் தாண்டிய பிறகுதான் வருகிறார்கள், 'வேலை செஞ்சா மூச்சு வாங்கத்தானே செய்யும்' என்று அதுவரை இருந்துவிடுவார்கள். சீனாவின் தெற்கில் 12 கிராமங்களில் 996 பேரை ஒன்பது வருடம் பின்தொடர்ந்தபோது, விறகை விட்டுச் சுத்தமான எரிபொருளுக்கு மாறியவர்களுக்கும், அடுக்களையில் புகை போக வழி செய்தவர்களுக்கும் தேய்மானம் வருடத்துக்கு 12 முதல் 16 மில்லி குறைந்திருந்தது. மாறுவதா வேண்டாமா என்பதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் லங் ஹெல்த் ஸ்டடி அளவுக்கு இது உறுதியானதல்ல. ஆனால் செய்வதில் நஷ்டம் இல்லை. வெந்நீரையும் சோற்றையும் கேஸுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அடுப்பைக் கூரைக்கு வெளியே திறந்த இடத்துக்கு நகர்த்துங்கள், தூள் பிரிக்கும் வேலையைத் திண்ணையில் காற்றோட்டமாகச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை அப்பாவை டெஸ்டுக்கு அழைத்துப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போய் ஒரு தடவை ஊதச் சொல்லுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.